அம்மாவுக்குக் கொக்கிப்புழு இருந்தால் பிள்ளைக்கு ஊசி ஏறாதா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமம். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போவேன். ஆறாம் மாதம் பார்த்தபோது ரத்தம் 8 தான் இருந்தது. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு என்று மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளைக்கு இப்போது ஒன்றரை மாதம். "ஆத்தா வயித்துல பூச்சி கெடந்தா பிள்ளைக்குத் தெம்பு இருக்காது, ஊசியும் ஏறாது" என்கிறார் மாமியார். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கவும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு கீற்று உண்மை இருக்கிறது. புழு இருந்தது உங்கள் குடலில்தான். ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. உடம்பு தன்னைத் துரத்தாமல் இருக்கச் சில புரதங்களைச் சுரந்து எதிர்ப்புச் சக்தியை அமர்த்தி வைக்கும். அந்தப் புரதங்களின் சுவடு நஞ்சுக்கொடி தாண்டிப் பிள்ளைக்கும் எட்டலாம். பிறக்கும்போதே புழுவை அடையாளம் தெரிந்த அணுக்கள் சில குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்திருக்கின்றன. கென்யாவில், புழுத்தொற்று இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சில தடுப்பூசிகளுக்கான எதிர்ப்பு கொஞ்சம் குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் உகாண்டாவின் என்டெபியில் 2,507 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வில், பூச்சி மாத்திரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி ஒரே மாதிரிதான் வேலை செய்தது. இன்னொரு வேடிக்கை, மாத்திரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கரப்பான் என்கிற தோல் அரிப்பு கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதற்காகப் புழுவை வளர்க்கவா முடியும்?

ஆக, ஊசி ஏறாது என்பது சரியில்லை. எதிர்ப்பு சற்றுக் குறைந்தாலும் போடாமல் விடுவதைவிடப் பல மடங்கு மேல். 6, 10, 14 வாரம் என்ற கணக்கில் முதல் ஊசிக்கு இதுதான் நேரம். இந்த வாரமே போய்விடுங்கள்.

எனக்கு உங்கள் ரத்தம்தான் கவலை. ஒரு கொக்கிப்புழு நாளொன்றுக்கு 0.2 மில்லி வரை ரத்தம் குடிக்கும். நூறு புழு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் இருக்கும்போது பிள்ளை இரும்புச்சத்தைச் சேர்த்து வைப்பது உங்களிடமிருந்துதான். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். ரத்தத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் இரும்புச்சத்து சிரப் உண்டு, அங்கன்வாடியில் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பூந்தோட்டம். விடியுமுன் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு விரலிடுக்குத் தோல் வழியாகவே உள்ளே போகிறது. அந்த அரிப்பைச் சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசிவிட்டு மறந்துவிடுவார்கள். திரும்ப வேலைக்குப் போகும்போது விரலை மூடுகிற ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

வேப்பங்கொழுந்து வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை பூச்சி மாத்திரை பாதி, நன்றாகப் பொடித்து, தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள்.