அரை வெயில் பால்கனியில் கள்ளியும் சக்குலன்ட்டும்: கேள்வி பதில்

மொட்டை மாடி இல்லாமல் பால்கனியை மட்டும் வைத்துச் செடி வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. சக்குலன்ட் என்றால் இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடி. கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சென்னைக்காரர்கள் என்பதால் பதில்களும் அந்த வெயிலையும் மழையையும் வைத்தே.

அக்கா, எங்கள் பால்கனி தெற்கு பார்த்தது. டிசம்பரில் தொட்டிகள் மேல் நல்ல வெயில் விழுந்தது. மே மாதம் கொளுத்துகிற வெயிலில் பால்கனிக்குள் மட்டும் ஒரு கீற்றுகூட இல்லை. ஏன்? (வேளச்சேரி)

சூரியன் வடக்கே போய்விடுகிறது, அதுதான் காரணம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேல் விழும். அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான். அந்த மாதங்களில் தெற்கு பால்கனிக்கு நேர் வெயில் வராது. வடக்கு பால்கனிக்குக் காலையும் மாலையும் சாய்வாக வரும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். நண்பகலிலும் சூரியன் ஏறக்குறைய 53 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுகிறது, அதனால் வெயில் உள்ளே வரை நீள்கிறது.

ஆகவே ஏப்ரலில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை தொட்டிகளை இடம் மாற்றுங்கள். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணியிலிருந்து மணிக்கு ஒரு போட்டோ எடுத்து, எந்தத் தொட்டிக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மணி நேரம் விழுந்தால் அதுவே அரை வெயில். எந்த நேரத்து வெயில் என்பதுதான் இன்னும் முக்கியம். காலை 7 முதல் 10 வரை வரும் வெயில் மே மாதத்திலும் செடிக்கு நல்லது. மேற்கிலிருந்து பிற்பகலில் அடிக்கும் வெயில் குறைந்த நேரமே இருந்தாலும் பொசுக்கிவிடும்.

காலையில் மூன்று மணி நேரம் வெயில் வருகிறது. என்னென்ன வாங்கலாம் மேடம்? (கொளத்தூர்)

சொந்த மண்ணிலேயே புதர் நிழலில் வளர்ந்து பழகிய செடிகளைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவின் ஹவொர்தியாவும் காஸ்டீரியாவும் அப்படிப்பட்டவை. இவற்றுக்கு முழு வெயில் அதிகமானால் இலை சிவந்து சுருங்கும். கள்ளிகளில் ஜிம்னோகேலிசியம் என் முதல் தேர்வு. அர்ஜென்டினா, பராகுவே பக்கம் புல்லுக்கும் புதருக்கும் நடுவே வளர்வது, குறைந்த வெயிலிலும் பூக்கும்.

தொங்கு தொட்டிக்கு ரிப்சாலிஸ். முள் தெரியாது, பச்சைக் கயிறு மாதிரி வழியும். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளி ரிப்சாலிஸ் பாக்சிஃபெராதான். ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்து இலங்கையிலும் மரக்கிளைகளில் வளர்கிறது. நம் ஊர் முட்புதர்களுக்கு அடியில் முளைக்கும் கல்லிமுளையானையும் மறக்காதீர்கள். காட்டிலிருந்து பிடுங்காமல், வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள்.

அடினியமும் (பாலைவன ரோஜா) கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கள்ளியும் முழு வெயில் கேட்பவை, இந்த இடத்துக்கு வேண்டாம்.

ஊட்டியில் வாங்கிய எச்செவேரியா ரோஜாப்பூ போல இருந்தது. இப்போது தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு நிற்கிறது. பழையபடி ஆகுமா? (தாம்பரம்)

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. வெளிச்சம் போதாமல் அது வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கிறது. தலையை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, நிழலில் நான்கைந்து நாள் போடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு காய்ந்த மண் கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். அடிக்கட்டையை எறியாதீர்கள், பக்கக் குருத்து விடும்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எச்செவேரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைச்செடி. இந்தச் செடிகள் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே வாங்குகின்றன. குளிர்ந்த இரவு இருந்தால் அது சுலபம். சென்னையின் புழுக்கமான கோடை இரவில் திணறிப்போகும். அதே ரோஜா வடிவம் வேண்டுமென்றால் கிராப்டோபெட்டாலம் பராகுவாயென்ஸ் வாங்குங்கள், சூட்டை நன்றாகவே தாங்கும்.

சிவப்புத் தலை கேக்டஸை வெயிலில் வைக்கலாமா? (அம்பத்தூர்)

நேர் வெயில் வேண்டாம், வெளிச்சமான நிழல் போதும். அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது. கீழே ஒட்டுக் கட்டியிருக்கும் டிராகன் ஃப்ரூட் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தப் பச்சைத் தண்டு மஞ்சளாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்சரி மண்ணிலேயே விடலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? (மடிப்பாக்கம்)

அநேகமாக அது வெறும் கோகோபீட்தான், அதாவது தேங்காய் நார்த் தூள். அரை வெயிலில் ஈரம் மெதுவாகத்தான் காயும், அதில் வேர் அழுகிவிடும். வாங்கிய வாரமே மாற்றுங்கள். மட்கிய இலை உரம் ஒரு பங்கு, சிறு செங்கல் துண்டு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் பொரி), தூசி போகச் சலித்துக் கழுவிய எம்-சாண்ட் எல்லாம் சேர்ந்து மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது, உப்பு. மண் தொட்டி நல்லது.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். துளி மண்ணும் ஒட்டாமல் வந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாரல் படாத சுவர் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

மம்மிலேரியா கள்ளியில் வெள்ளைப் பஞ்சு தெரிகிறது. பூச்சியா? (போரூர்)

பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பாருங்கள். முள் கொத்தின் அடியிலும் இடுக்கிலும் சீராக, உலர்ந்த கம்பளி போல இருந்தால் அது செடியின் சொந்த ரோமம். ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக இருந்து, தொட்டதும் பிசுபிசுவென்று நசுங்கினால் மாவுப்பூச்சி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த காட்டன் பட்ஸால் துடைத்தெடுங்கள். வெயில் இறங்கிய பிறகு செய்யுங்கள், வாரம் ஒருமுறை ஒரு மாதத்துக்கு. அந்தத் தொட்டியைத் தனியே வையுங்கள். செடி ஆடினால் பெயர்த்து வேரையும் பாருங்கள், அங்கேயும் வரும்.

எங்கள் பிரம்மகமலம் இலையாகவே தழைக்கிறது, மொட்டே இல்லை. (பல்லாவரம்)

அதுவும் ஒரு கள்ளிதான், இலை என்று நாம் நினைப்பது அதன் தட்டைத் தண்டு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் மரங்களின் மேல் வளர்வது. உங்களுடையது அடர் பச்சையாக இருந்தால் வெளிச்சம் குறைவு. காலை வெயில் இரண்டு மணி நேரம் படும்படி நகர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரத்தில். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் வெளிறிய தழும்பு விழும், அது மறையாது. சாணி உரத்தைக் குறையுங்கள், பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரப்படாதீர்கள். துண்டு நட்டு வளர்த்த செடி என்றால் பூக்கச் சில வருடம் ஆகும்.