பாகற்காய்ச் சாறு மாத்திரைக்கு மாற்றாகுமா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்கிறார்களே, சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். பாகற்காயில் உள்ள சாரன்டின் முதலிய பொருள்கள் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால், மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளை 2012இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு), இதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது கிளிமிபிரைடுதான். கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் அந்த மாத்திரையோடு, வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் சாறும் சேர்ந்தால், சர்க்கரை அளவு 70 மி.கி.க்கும் கீழே இறங்கி, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு என்று தொடங்கி மயக்கம் வரை போகக்கூடும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் வருவதுண்டு. கர்ப்பிணிகள் இந்தச் சாற்றைத் தவிர்க்க வேண்டும்.

காயாகச் சாப்பிடுவதற்குத் தடையே இல்லை. 100 கிராமில் ஏறத்தாழ 17 கலோரிதான், நார்ச்சத்தும் உண்டு. ஆனால், கசப்பை மறைப்பதற்காக நம் வீடுகளில் புளிக்குழம்பில் வெல்லத்தைக் கட்டியாகவே போட்டுவிடுகிறோம், அல்லது எண்ணெயில் பொரித்தெடுக்கிறோம் (அந்த வறுவலுக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்குவது வேறு கதை). வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசறிச் சற்று நேரம் வைத்துப் பிழிந்துவிட்டு, சின்ன வெங்காயத்துடன் சிறிது எண்ணெயில் வதக்கிக்கொள்ளுங்கள். சாறு குடித்தே தீருவேன் என்றால், முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடிக்கத் தொடங்கிய நாட்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.