கோடிங் பிடிக்காத பெண்ணும் 90 நாள் பாஸ்வேர்டும்

"பெரியப்பா பையன் ஏஐ எடுத்திருக்கான் சார். இவளும் அதையே எடுத்துட்டா நல்லதுதானே?" என்றார் அப்பா. மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. கல்விக்கடன் விண்ணப்பம் வைத்த உறை அவர் மடியில் இருந்தது.

மகளிடம் தனியாகப் பேசினேன். இரண்டு வருடமாகக் கோடிங் படிக்கிறாள். நிரல் எழுத உட்கார்ந்தாலே கொட்டாவி வருகிறதாம். ஆனால் பள்ளிக் கணினி ஆய்வகத்தில், படித்து முடித்துப் போன மாணவர்களின் லாகின் இன்னும் திறக்கிறது என்று கண்டுபிடித்து ஆசிரியரிடம் சொன்னவள் இவள்தான். யாரும் கேட்காமலே பட்டியலும் போட்டிருக்கிறாள்.

கவலைப்படாதீர்கள், போகப்போகப் பிடித்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஏஐ படிப்பில் சேர்க்காதீர்கள் என்றேன். அண்ணனுக்குக் கணக்கும் நிரலும் பிடிக்கும், அவன் படிக்கட்டும். இவள் கடன் வாங்கி நான்கு வருடம் கொட்டாவி விட வேண்டுமா?

கணினித் துறையில் டெவலப்பர், டெஸ்டர் எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். உறவினர் யாரும் சொல்லாத ஒன்று, ஐடி கவர்னன்ஸ். ஒரு நிறுவனத்தின் கணினிகளில் எதை யார் முடிவு செய்யலாம், யார் கையெழுத்திட வேண்டும், தப்பு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று விதி வகுப்பது. அந்த விதி நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பவர் ஐடி ஆடிட்டர்.

ஒரே ஒரு விதியைப் பாருங்கள். 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்பது பல அலுவலகங்களில் சட்டம் மாதிரி இருந்தது. 2017இல் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், காரணமில்லாமல் இப்படிக் கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்ற வையுங்கள் என்று வழிகாட்டியது. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் பழைய பாஸ்வேர்டின் கடைசியில் ஒன்று, இரண்டு என்று எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், அதனால்தான்.

சரி, ஒரு நிறுவனம் அந்த வரியை நீக்க முடிவு செய்கிறது. ஒரு வரிதானே? நீக்கிய மறுநாள் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் 90 நாள் என்றே எழுதியிருக்கிறது. பழைய சம்பள மென்பொருளில் அந்தக் கெடுவை அணைக்க வழியே இல்லை. கெடு போனால், கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். அதற்கான செலவு எந்தத் துறையின் கணக்கில்? ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவர் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆடிட்டர் வேறு பழைய செக்லிஸ்ட்டோடு வந்து உட்காருகிறார். சம்பள மென்பொருளுக்கு விதிவிலக்கு தருவது யார், எத்தனை மாதத்துக்கு? இதையெல்லாம் துறை துறையாக நடந்து முடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கண் இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் சட்டமும் இப்படித்தான். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவு கசிந்தது தெரிந்தால் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லச் சொல்கிறது. சனிக்கிழமை நள்ளிரவில் கசிவு தெரிந்தால் யார் யாருக்கு போன் செய்வது? முன்கூட்டியே எழுதி வைக்காத இடத்தில், அதைப் பேசி முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

தொழில்நுட்பமே தெரியாமல் இந்த வேலைக்கு வர முடியாது. தரவுத்தளம், நெட்வொர்க், அணுகல் உரிமை இவற்றின் அடிப்படை தெரிந்தே ஆக வேண்டும். தகவல் முறைமைகள் பாடத்தோடு ஒரு வணிகப் பட்டமோ சாதாரணக் கணினிப் பட்டமோ போதும். முதல் சில வருடம் ஸ்கிரீன்ஷாட் சேகரிப்பது, பட்டியல் சரிபார்ப்பது என்று சலிப்பாகத்தான் போகும். போகிற துறையிலெல்லாம் "வந்துட்டாங்கப்பா" என்று முகம் சுளிப்பார்கள். அதையும் அவளிடம் மறைக்கவில்லை.

அப்புறம் ஐடி ஆடிட்டர்களுக்கான சீசா (CISA) சான்றிதழ். ஐடி ஆடிட், கவர்னன்ஸ் துறையினருக்கான சர்வதேச அமைப்பான ஐசாக்கா (ISACA) 1978 முதல் வழங்குவது, மதிப்புள்ளது. தேர்வை முன்கூட்டியே எழுதலாம். ஆனால் சான்றிதழ் கைக்கு வர ஐந்து வருட அனுபவம் வேண்டும். படிப்பு போன்றவற்றைக் காட்டி அதிகபட்சம் மூன்று வருடம் கழித்துக்கொள்ளலாம். கல்லூரி முடித்த கையோடு சீசா வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்தக் கடன் விண்ணப்பத்தையும் இப்போது கொடுக்க வேண்டாம்.

"பெரியப்பா கேட்டா என்ன சார் சொல்றது?" என்றார் அப்பா. என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பள்ளியை விட்டுப் போகும் மாணவரின் லாகினை யார், எத்தனை நாளில் மூட வேண்டும், மூடியதை யார் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆய்வக ஆசிரியர் ஒத்துக்கொள்கிறாரா என்று பார்த்து வர வேண்டும். அதிலும் கொட்டாவி வந்தால் நான் சொன்னதையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு யோசிக்கலாம். அம்மா உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மகள் வாசலிலிருந்து திரும்பி வந்து, "ஆசிரியர்களே பள்ளியை விட்டுப் போனா, அவங்க லாகினையும் சேர்க்கணுமா சார்?" என்றாள்.