பங்கு வீட்டை விற்று கம்ப்யூட்டர் சீட் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதம் 90, இயற்பியல் 78, வேதியியல் 84. கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறான். காரைக்குடியில் ஒருவர், சென்னையில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. படிப்பு வாங்கித் தருகிறேன், வருஷத்துக்கு மூன்றரை லட்சம், விடுதி தனி என்கிறார். இல்லையென்றால் 'அழகப்பா'விலேயே மேனேஜ்மென்ட் சீட் பிடிக்கலாம், 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் முயற்சி செய்யலாம் என்கிறார். கவுன்சலிங்கில் போனால் மதுரைப் பக்கம் ஏதோ ஒரு தனியார் கல்லூரிதான் கிடைக்குமாம். பெரிய வீட்டில் எங்கள் பங்கைக் கொடுத்துவிடலாம் என்று என் கணவர் சொல்கிறார். முன்பணமாகப் பத்தாயிரமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்திருக்கிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது?
வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, முதலில் கவுன்சலிங்குக்கான கட்-ஆஃப் கணக்கைப் போட்டுவிடுவோம். கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதிப் பாதி. 90, 39, 42. ஆக 200-க்கு 171. இது மோசமான மார்க் இல்லை. வீட்டை விற்றுத்தான் ஒரு சீட் வாங்க வேண்டும் என்கிற மார்க் நிச்சயமாக இல்லை.

அந்த 'அழகப்பா' விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இந்தப் பெயரை வைத்தே பாதி வியாபாரம் நடக்கிறது. வள்ளல் அழகப்பர் பெயரில் இருக்கிறவற்றில் மூன்று இடங்களைத்தான் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். சென்னை கிண்டியில் 1944-ல் தொடங்கிய ஏ.சி. டெக் என்கிற தொழில்நுட்பக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். காரைக்குடியில் 1952-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, அரசுக் கல்லூரி. அங்கே படித்தால் பட்டம் தருவது அண்ணா பல்கலைக்கழகம். மூன்றாவதுதான் 1985-ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம். கலை அறிவியல் கல்லூரிகள் அதன்கீழ் வருகின்றன. காரைக்குடி பொறியியல் கல்லூரி அதன்கீழ் இல்லை. தரகர் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அரசுப் பொறியியல் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத சாமானுக்கு விலை பேசுகிறார். அந்தக் கல்லூரி கிடைத்தால் கவுன்சலிங்கில்தான் கிடைக்கும். போன வருஷம் எந்தப் பிரிவில் எந்த மார்க்குடன் இடம் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சலிங் இணையதளத்தில் இருக்கிறது, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு நேரே பாருங்கள்.

அடுத்து 7.5 சதவீதம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், வருஷத்துக்குப் பத்துப் பேராவது இதில் ஏமாறுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 'அரசு' வேறு, 'அரசு உதவி பெறும்' வேறு. நம் ஊர்களில் செட்டியார்கள் தர்மமாக ஆரம்பித்து இன்றைக்கும் நடக்கிற பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம், புத்தகம் அரசுப் புத்தகம், சைக்கிள் அரசு சைக்கிள். ஆனாலும் இந்த ஒதுக்கீட்டுக்கு அது அரசுப் பள்ளி இல்லை. உங்கள் பையன் ஒன்பதாவதில்தான் அரசுப் பள்ளிக்கு மாறினான் என்றால், அதற்கு முந்தைய மூன்று வருஷம் எங்கே படித்தான் என்பதுதான் கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் வழி உண்டு. உதவி பெறும் பள்ளிக்கு அந்த வழியும் இல்லை. இது நியாயமா என்றால், இல்லை. அதே தெருப் பிள்ளைகள், அதே வறுமை. ஆனால் நியாயம் பேசி சீட் வாங்க முடியாது. 'சான்றிதழ் சரிபண்ணித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தருகிற எமிஸ் எண்ணைத் தட்டினால் பையன் எந்த வகுப்பை எங்கே படித்தான் என்று வந்துவிடும். மாட்டுவது உங்கள் பிள்ளை, தரகர் அல்ல.

இனி சென்னை. மூன்றரை லட்சம் நான்கு வருஷத்துக்குப் பதினான்கு லட்சம், விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் இன்னும் மேலே. எதற்கு இந்தப் பணம்? ஏ.ஐ. என்ற பெயருக்கு. முன்பெல்லாம் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்று உச்சவரம்பு இருந்தது. 2024-ல், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., நல்ல கல்லூரிகள் என்று தான் கருதியவற்றுக்கு அதை எடுத்துவிட்டது. இடத்தைக் கூட்டுவது ஒரு கையெழுத்து. ஆசிரியரைக் கூட்டுவது அப்படியா? ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பலகை மாறுகிறது, உள்ளே போனால் அதே நாலு பேர். பையன் கற்க வேண்டியது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், கொஞ்சம் உருப்படியான கணிதம். பலகையில் வெறும் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று இருந்தாலும் இவை உண்டு.

தனியார் இணைப்புக் கல்லூரிகள் உத்தமம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பது 2024-ல் அம்பலமானது அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில்தான். ஆய்வுக்கு வருகிறவர்கள் அத்தனை வருஷம் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்களோ! அதனால்தான் கல்லூரிக்கு நேரில் போங்கள் என்கிறேன், விடுமுறை நாளில் அல்ல, வேலை நாளில். மரியாதையாக வரவேற்று காபி கொடுக்கிற அட்மிஷன் அறையில் உட்காராதீர்கள். வெளியே டீக்கடையில் மூன்றாம் ஆண்டுப் பையன்கள் நிற்பார்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார் நடத்தினார், அவர் இன்னும் இருக்கிறாரா, லேப் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். 'எங்களுக்கு மூணு பேர் மாறிட்டாங்க' என்று பதில் வந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். தரச் சான்றுகளில் 'நாக்' கல்லூரி முழுமைக்கும், 'என்.பி.ஏ.' அந்தந்தப் பிரிவுக்கு, கம்ப்யூட்டர் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வேலைவாய்ப்பு பேனரில் உள்ள பெரிய சம்பளம் ஒரே ஒரு பையனுடையது. நடுவில் இருக்கிறவன் என்ன வாங்குகிறான் என்று கேளுங்கள்.

ஆகவே என் பதில்: கவுன்சலிங்கில் போங்கள். மதுரைப் பக்கத்துக் கல்லூரியில், ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள் என்றால், அதுவே போதும். விருப்பப் பட்டியலில் உண்மையாக வேண்டியதை மேலே போடுங்கள். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அடுத்ததைப் பார்த்துக்கொண்டே வரும். நம்பிக்கையில்லாமல் சின்னக் கல்லூரியை மேலே போட்டால்தான் அதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பட்டியலைப் பையனே உட்கார்ந்து நிரப்பட்டும். 'இலவசமாகப் போட்டுத் தருகிறோம்' என்று பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் கேட்கிறவர்களுக்குக் கல்லூரி காசு கொடுக்கிறது, அவர்கள் தங்கள் கல்லூரியை முதலில் தட்டிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் அரசின் உதவி மையத்துக்குப் போங்கள், அங்கே காசு கிடையாது. கூட்டம் இருக்கும், சர்வர் படுத்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இதையும் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கிற தேக்குத் தூண்களும் நிலைகளும் ஏதோ ஒரு வீட்டின் பங்குதான். அவற்றில் எத்தனை, நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள் படிப்புக்காகப் போனவையோ. கவுன்சலிங் இடத்துக்குக் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது, அதற்கு வங்கிக் கடன் கிடைக்கும்.

பத்தாயிரத்தை விட்டுத்தள்ளுங்கள், வந்தால் லாபம். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் நாளைக் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள். பல்கலைக்கழகமே அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லிவிட்டது, இந்த ஆள் யார்? 'மெட்ராஸுக்கு அனுப்பிட்டேன்' என்பார். நம்பாதீர்கள், மேஜை டிராயரில்தான் இருக்கும். தனியாகப் போகாமல், குரல் உயர்த்திப் பேசத் தெரிந்த பங்காளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.