ஃபேன்டஸி ஃபுட்பால் டிராஃப்டில் நல்ல கிக்கரை 10-ஆவது ரவுண்டிலேயே எடுத்துவிடலாமா?

வேண்டாம். கடைசி ரவுண்டு வரை கிக்கர் பக்கமே போகாதீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் நிஜ ஆட்டக்காரர்களை ஒவ்வொருவரும் ரவுண்டு ரவுண்டாக எடுப்பதுதான் டிராஃப்ட், மைதானத்தில் அவர்கள் செய்வதற்கு நமக்குப் புள்ளி. கிக்கர் என்பவர் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போடுபவர், அதுதான் ஃபீல்ட் கோல். 12 பேர் லீக்கில் இது உங்களுக்கு முதல் வருடம் என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் கிக்கரை எடுத்ததும், நல்லவர்கள் எல்லாம் தீர்ந்துவிடுவார்களோ என்று மனசு அடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2023-இல் அதற்கு ஒரு சீசனையே கொடுத்தேன்.

நான் இருப்பது ஒஹையோவில், கொலம்பஸ். அலுவலக லீக்தான், ஆனால் எல்லாரும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். முதல் ரவுண்டில் கிளீவ்லாந்து பிரவுன்ஸின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்) நிக் சப்பை எடுத்தேன். 10-ஆவது ரவுண்டு வந்தபோது ரேவன்ஸ் அணியின் கிக்கர் ஜஸ்டின் டக்கர் மிச்சம் இருந்தார். 2021-இல் டெட்ராய்ட்டில் 66 யார்டு ஃபீல்ட் கோல் அடித்துச் சாதனை படைத்தவர். விடுவேனா? எடுத்தேன். அடுத்த ஆள் எடுத்தது ஜெரோம் ஃபோர்டை, அதாவது என் சப்புக்கு மாற்றாக ஓட வேண்டியவரை.

இரண்டாவது வாரம், செப்டம்பர் 18, திங்கள் இரவு ஆட்டம், பிட்ஸ்பர்கில். சப்பின் முழங்கால் போனது, சீசனும் முடிந்தது. அவர் வெளியே போன பிறகு அதே ஆட்டத்தில் ஃபோர்டு ஒரே ஓட்டத்தில் 69 யார்டு போனார். நான் டிவியை அணைத்துவிட்டேன்.

சரி, டக்கராவது காப்பாற்றினாரா? நன்றாகத்தான் அடித்தார். ஆனால் எங்கள் லீக்கில் யாருமே டிராஃப்டில் எடுக்காத ஒருவர் அந்த வருடம் டாலஸுக்கு ஆடினார்: பிராண்டன் ஆப்ரே. முன்னாள் சாக்கர் ஆட்டக்காரர், இடையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராகவும் வேலை பார்த்தவர். என்எஃப்எல்லில் தன் முதல் 35 ஃபீல்ட் கோல்களில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அப்படிப்பட்டவரை முதல் வாரம் முடிந்ததும் சும்மாவே எடுத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய தப்பை 13-ஆவது வாரம் செய்தேன். ரேவன்ஸுக்கு அன்று பை வாரம், அதாவது ஆட்டமில்லாத ஓய்வு வாரம், டக்கர் ஆட மாட்டார். 10-ஆவது ரவுண்டில் எடுத்தவரை விட மனசு வரவில்லை. இரண்டாவது கிக்கருக்கு இடம் வேண்டுமென்று, என் பெஞ்சில் சும்மா இருந்த ரெய்டர்ஸின் ரன்னிங் பேக் ஸமீர் வைட்டை விட்டேன். ரெய்டர்ஸில் வைட்டுக்கு முன்னால் இருந்த ஜாஷ் ஜேகப்ஸ் காயப்பட்டார், வைட் முதன்மை ஆளானார். கிறிஸ்துமஸ் அன்று கேன்ஸஸ் சிட்டிக்கு எதிராக 145 யார்டு, 10 யார்டுக்கு ஒரு புள்ளி என்று 14.5 புள்ளி. அது எங்கள் அரையிறுதி வாரம். வைட்டை எடுத்து வைத்திருந்தவரிடமே 6 புள்ளியில் தோற்றேன்.

அந்த ஆள் பிளேஆஃபின் (சீசன் கடைசி நாக்-அவுட் ஆட்டங்களின்) முதல் சுற்று ஆடாமலே அரையிறுதிக்கு வந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 14-ஆவது வாரம் அவரோடு ஆட வேண்டியவர், தனக்கு பிளேஆஃப் வாய்ப்பு போய்விட்டது என்று லைன்அப்பை (அந்த வாரம் ஆடவிடுகிறவர்கள் பட்டியலை) திறந்துகூடப் பார்க்கவில்லை. அரிசோனாவுக்கு அன்று பை, ஆனாலும் அந்த அணியின் ஜேம்ஸ் கானர் புள்ளியே இல்லாமல் அப்படியே லைன்அப்பில் உட்கார்ந்திருந்தார், வைட்டை வைத்திருந்தவருக்குச் சுலப வெற்றி. லீக்கை நடத்துகிற கமிஷனரிடம் சொன்னேன், "அது அவரவர் இஷ்டம்" என்றார். மூன்று மாதம் ராத்திரி கண்விழித்து ஆடுகிறவர்களுக்கு இது அநியாயம். ஆடப் பிடிக்காதவர்கள் சேரவே கூடாது.

இப்போது நான் செய்வது இதுதான். லீக் விதி இடம் கொடுத்தால் டிராஃப்டில் கிக்கரையே எடுப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு ரன்னிங் பேக் கூடுதலாக. ஆகஸ்ட் டிராஃப்டுக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் யாராவது காயப்படுவார், மாற்று ஆளின் மதிப்பு ஏறும். சீசன் தொடங்குவதற்கு முன், பெஞ்சில் தேறாத ஒருவரை விட்டுவிட்டு கிக்கரைச் சேர்ப்பேன். யாரை என்றால், பாதி மைதானத்தைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகிற அணியின் கிக்கர், முடிந்தால் கூரை போட்ட மைதானம்: டெட்ராய்ட், மினியாபொலிஸ், நியூ ஆர்லியன்ஸ் மாதிரி. டிசம்பர் காற்றில் பஃபலோவிலோ கிளீவ்லாந்திலோ ஆட்டம் என்றால் ஆளை மாற்றிவிடுவேன். பை வாரம் வந்தால் கிக்கரைத்தான் விடுவேன், ரன்னிங் பேக்கை இல்லை.

ஒருவர் நிச்சயம் வந்து, "எங்கள் லீக்கில் ஒவ்வொரு யார்டுக்கும் புள்ளி உண்டு, ஆப்ரே மாதிரி ஒருவர் வாரத்தையே ஜெயித்துத் தருவார்" என்பார். அப்படிப்பட்ட லீக்கில் 12, 13-ஆவது ரவுண்டில் எடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. நான் சொல்வது ஃபீல்ட் கோலுக்குத் தூரத்தைப் பொறுத்து 3, 4, 5 புள்ளி கொடுக்கிற சாதாரண லீக்குக்கு. எங்கள் லீக்கில் முதல் கிக்கருக்கும் பத்தாவது கிக்கருக்கும் வாரத்துக்கு ஓரிரு புள்ளிதான் வித்தியாசம் வந்தது. அதோடு, எந்த வாரம் யாருக்கு நாலு வாய்ப்பு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்கள் லீக்கில் தவறவிட்டால் புள்ளி கழிப்பார்களா, 50 யார்டுக்கு மேல் எவ்வளவு தருவார்கள், பெஞ்சில் எத்தனை இடம் என்று எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.