கேளுங்கள், சொல்கிறேன்: ஆல்ப்ஸ் மலையில் ஒரு தெற்கு

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், தண்டையார்பேட்டை)

யானிக் சின்னர் இத்தாலிக்காக டென்னிஸ் ஆடுகிறார். ஆனால் அவர் தாய்மொழி ஜெர்மன் என்கிறார்களே, எப்படி ஐயா?
- கல்லூரி மாணவர், வியாசர்பாடி

உண்மைதான், தம்பி. அவர் பிறந்த இன்னிகென், வளர்ந்த செக்ஸ்டன் இரண்டு ஊர்களும் இத்தாலியின் வடக்கு ஓரத்தில், தென் டிரோல் மாகாணத்தில் இருக்கின்றன. அட்லஸில் பிரென்னர் கணவாயைத் தேடுங்கள். அதற்குத் தெற்கே இறங்கும் பள்ளத்தாக்குகள்தான் இந்த மாகாணம். முதல் உலகப் போர் வரை அது ஆஸ்திரியாவோடு இருந்தது. தோற்ற நாட்டிடமிருந்து பிடுங்கி, 1919 சேன் ஜெர்மேன் ஒப்பந்தத்தில் இத்தாலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஜெர்மன் பேசியவர்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருத்தணிக்காக நாம் போராடி 1960இல் பெற்றோமே, அப்படி வாதாடிப் பார்க்கும் வாய்ப்புகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். தென் டிரோலில் வீட்டு மொழியிலேயே பள்ளிக்கூடம் உண்டாமே?
- இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

உண்டு, அம்மா. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

1923இல் முசோலினி அரசு ஜெர்மன் வழிக் கல்விக்குத் தடை போட்டது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக இத்தாலிய மொழிக்கு மாற்றினார்கள். மிக்கேல் கம்பர் என்ற பாதிரியார், வீடுகளே பள்ளிகளாகட்டும் என்று அழைப்பு விடுத்தார். இளம்பெண்கள் இரகசியமாகப் பயிற்சி பெற்று, பண்ணை வீட்டுச் சமையலறையிலும் பரணிலும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டால் அபராதம், சிறை, நாடுகடத்தல். ஆங்கெலா நிகோலெட்டி என்ற ஆசிரியை கைதாகிச் சிறை சென்றார். ஊரை விட்டும் விரட்டினார்கள். 1930இல், 25 வயதில், காசநோயால் இறந்தார். வாழ்நாள் முழுதும் கரும்பலகை முன் நின்றவன் நான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதும்போது கை தயங்குகிறது.

1939இல் இன்னொரு கொடுமை. ஜெர்மனிக்குக் குடிபெயருங்கள், இல்லையேல் இத்தாலியராக இருங்கள் என்று ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்து கெடு வைத்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் போவதாக எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 75,000 பேர் போயேவிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் போக, தம்பி இருக்க, குடும்பங்கள் பிளந்தன.

போருக்குப் பின் 1946இல் பாரிஸில், அங்குள்ள ஜெர்மன் பேசுவோருக்குத் தன்னாட்சி தருவதாக ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஒப்பந்தம் செய்தன. அது காகிதத்திலேயே கிடந்தது. ஐ.நா. வரை வழக்குப் போய், மின்கம்பங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, கடைசியில் 1972இல்தான் உண்மையான தன்னாட்சி வந்தது. இன்று அரசு வேலைகள் மொழிவாரி மக்கள்தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. வேலைக்கு இரு மொழித் தேர்வும் கட்டாயம். வரிப் பணத்தில் பெரும்பகுதி மாகாணத்துக்கே திரும்புகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, இத்தாலியப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. எந்த மொழியில் பாடமோ, ஆசிரியருக்கு அதுவே தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற மொழியும் கட்டாயப் பாடம். தாய்மொழி ஆசிரியர் என்ற விதியை முழுமனதோடு ஆதரிக்கிறேன். பிள்ளைகளைத் தனித்தனிக் கட்டடத்தில் வைப்பதை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. என் வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். வரைபடத்தில் கோதாவரியைத் தொட்டால் ஒரு பக்கம் முகம் மலரும், காவிரிக்கு மறுபக்கம்.

அங்கேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. லதீன் என்ற சிறிய மொழி பேசும் கார்தேனா, பாதியா பள்ளத்தாக்குகளில், பாதிப் பாடம் ஜெர்மனில், பாதி இத்தாலிய மொழியில், கூடவே லதீன், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில். மாகாணத்தில் லதீன் பேசுவோர் 100க்கு ஐந்து பேர்கூட இல்லை. கொருக்குப்பேட்டைக்கு அதைத்தான் கேட்பேன்: தமிழ்ப் பள்ளியிலேயே தெலுங்கும் ஒரு பாடமாக, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரோடு.

பனி மனிதன் ஓட்ஸி ஆஸ்திரியாவுக்குச் சொந்தமா, இத்தாலிக்கா?
- ஏழாம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்

இத்தாலிக்கு, கண்ணு. 1991இல் அவருடைய உறைந்த உடல் பனிப்பாறையில் கிடைத்தபோது ஆஸ்திரியா என்று நினைத்து இன்ஸ்புருக்குக்கு எடுத்துப் போனார்கள். பிறகு எல்லையை அளந்து பார்த்தார்கள். இத்தாலிக்குள் 92.56 மீட்டர் தள்ளி இருந்தது அந்த இடம். அவர் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள். இப்போது தென் டிரோலின் தலைநகர் போல்சானோவின் அருங்காட்சியகத்தில், குளிரறையின் சிறிய சன்னல் வழியாகப் பார்க்கலாம்.