ஆறு மாத நேர்சிங் கோர்ஸ் முடித்தால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வேலை கிடைக்குமா?

கேட்டவர் தந்த விபரம் இது: தங்கச்சி ஏ.எல். கலைப் பிரிவில் எழுதியவர், வீடு களுவாஞ்சிக்குடிப் பக்கம். தனியார் நிலையம் ஒன்று ஆறு மாத நேர்சிங் படிப்புக்குக் காசு கேட்கிறது, முடித்த கையோடு "பெரியாஸ்பத்திரியில் போட்டுத் தருவோம்" என்கிறது. சேரலாமா?

போட்டுத் தர அவர்களால் முடியாது. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அரச தாதிய உத்தியோகத்தர் ஆவதற்கு வழி வேறு. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், ஏ.எல். விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்கள் விண்ணப்பிப்பார்கள், தெரிவானவர்கள் தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படிப்பார்கள். இன்னொரு வழி பல்கலைக்கழகத் தாதியியல் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. கலைப் பிரிவில் எழுதியவர் ஆறு மாத சேர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு இந்த இரண்டு வாசலாலும் உள்ளே போக முடியாது. சிற்றூழியர், சுகாதார உதவியாளர் பதவிகளும் அரசு நேரே ஆள் எடுக்கிற பதவிகள்தான். இடையில் ஒரு நிலையம் நின்று போட்டுத் தர அங்கே இடமில்லை.

அதற்காகப் படிப்பே வீண் என்று நினைக்க வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, முதியோர் இல்லம், வீட்டில் படுக்கையாகிவிட்டவரைப் பார்க்கிற வேலை, வெளிநாட்டில் கேர்கிவர் வேலை எல்லாவற்றுக்கும் ஆள் தேவை இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது கோர்ஸின் பெயர் என்னவென்று இல்லை. முடிவில் கையில் கிடைக்கிற தாள் என்ன தாள் என்றுதான் கேட்க வேண்டும்.

இலங்கையில் நின்று பிடிக்கிற தாள் என்.வி.கியூ. அதாவது தேசிய தொழில் தகைமை. நேர்சிங் உதவியாளர், கேர்கிவர் போன்ற வேலைகளுக்கு மட்டம் 3 அல்லது 4 பார்ப்பார்கள். இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. "எங்கள் நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டது" என்று சுவரில் பெரிதாக மாட்டியிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிலையம் பதிந்திருப்பது ஒன்று, குறிப்பிட்ட அந்தக் கோர்ஸ் என்.வி.கியூவுக்குத் தரச்சான்று பெற்றிருப்பது இன்னொன்று. கணினிக் கோர்ஸுக்குத் தரச்சான்று வாங்கிவிட்டு, பக்கத்து அறையில் நேர்சிங்கும் நடத்தலாம். ஆகவே கோர்ஸின் பெயரையும் மட்டத்தையும் சொல்லி, அதற்குரிய தரச்சான்று எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். "டிப்ளோமா" என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். ஆறு மாதத்தில் எத்தனையோ பேர் அந்தச் சொல்லை அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

காசு கட்ட முன்னர் தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா போன்ற அரச இடங்களையும் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், அடுத்த பிரிவு எங்கே எப்போது தொடங்குகிறது என்று அவரிடம் கேட்கலாம். ஏற்கனவே ஒரு டிஸ்பென்சரியில் அல்லது முதியோர் இல்லத்தில் சில வருடம் வேலை செய்தவராக இருந்தால் திரும்ப முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைக்கான அத்தாட்சிகளைக் கோப்பாகச் சேர்த்து நேரே மதிப்பீட்டுக்குப் போகலாம். இந்த வழியைத் தனியார் நிலையங்கள் தாமாக முன்வந்து சொல்வது குறைவு. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

நிலையத்தில் இன்னும் மூன்று விஷயம் கேளுங்கள். வாட் பயிற்சி எங்கே, எத்தனை வாரம், பயிற்சிப் பதிவேட்டில் யார் கையெழுத்து வைப்பார்? அரச வைத்தியசாலை வாட்டுக்குள் வெளி மாணவர்களை விடுவதற்கு எழுத்து மூல அனுமதி வேண்டும். "அதெல்லாம் பிறகு ஒழுங்கு செய்வோம்" என்று பதில் வந்தால், பொம்மையில் பஞ்சு ஒற்றிப் பழகியே ஆறு மாதமும் போய்விடும். ஓ.எல். சேர்டிபிகேட், பிறப்புச் சான்றிதழ் இரண்டின் மூலப் பிரதியையும் யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், போட்டோகொப்பி போதும்.

இனி வேலையைப் பற்றி. நேர்முகத்தில் மேட்ரன் பெரும்பாலும் பெரிய கேள்வி கேட்கமாட்டார். பிறசர் கருவியைக் கையில் தந்து "எடுத்துக் காட்டுங்கோ பிள்ளை" என்பார். ஆளைத் தெரிவு செய்வதும் விடுவதும் அதிலேயே முடிந்துவிடும்.

நோயாளி ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், பேசக்கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட வேண்டும். கை தொங்கினால் பிறசர் கூடக் காட்டும். கையில் சுற்றும் பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், சட்டைக் கைக்கு மேலால் சுற்றக்கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டாலும் கூடக் காட்டும், அதை நம்பி மாத்திரையைக் கூட்டினால் ஆள் தலை சுற்றி விழுவார். மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றை ஏற்றுங்கள், நாடி மறைந்த இடத்திலிருந்து 20 முதல் 30 வரை இன்னும் ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் வீதம் இறக்குங்கள். அவசரமாக இறக்கினால் முதல் சத்தம் தவறிப்போய், மேல் பிறசர் குறைவாகப் பதிவாகும். 137 என்று கேட்டால் 140 என்று எழுதாதீர்கள். கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடு இருக்கிறது, 136 அல்லது 138 என்று எழுதுங்கள். கடைசி இலக்கம் எல்லாம் பூச்சியமாக இருக்கிற சார்ட்டைப் பார்த்தவுடனேயே அனுபவமுள்ள மிஸ்மாருக்கு விளங்கிவிடும்.

மூச்சை எண்ணுவதற்கும் ஒரு தந்திரம் உண்டு. "மூச்சை எண்ணப்போறன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறும். நாடி பிடித்த கையை எடுக்காமல், நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்க நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சாதாரணம்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். நேரே பக்கவாட்டில் 90 பாகைக்குத் திருப்பினால் இடுப்பு எலும்பு அழுந்தும், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். குதிக்கால், வால் எலும்பு, இடுப்பு, தோள், பின்தலை எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளிறாமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக்கூடாது. வீடுகளில் இதைத்தான் அன்போடு செய்வார்கள், உள்ளே நைந்த சதை இன்னும் நைந்துபோகும். மேலே இழுக்கும்போதும் தோளைப் பிடித்து இழுக்காமல், விரிப்பை இரண்டு பக்கமும் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும்.

பாரிசவாதம் வந்தவருக்கு உணவு கொடுப்பது இன்னும் கவனமான வேலை. நேரே இருத்தி, முகவாயைச் சற்றுக் கீழே பதித்து, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வாய் விழுங்கி முடிந்ததைப் பார்த்துத்தான் அடுத்த வாய். பிளேன்ரீ, தண்ணீர் போன்ற நீர்ப்பதமானவைதான் சட்டென்று புரைக்கேறும், கட்டிப்பதமான கஞ்சி அந்த அளவுக்கு ஏறாது. "முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்கோ" என்று சொந்தக்காரர் சொல்வார்கள், கேட்காதீர்கள். வலுவில்லாத பக்கக் கன்னத்தில் சோறு அடைந்து கிடக்கும், கடைசியில் வாயைத் திறந்து பார்த்துத் துடையுங்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது இருத்தி வைக்க வேண்டும். கதிரைக்கு மாற்றும்போது சக்கர நாற்காலியை நல்ல பக்கமாக வைத்து பிரேக்கைப் போடுங்கள். வலுவில்லாத கையை, அக்குளைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு கழன்றுவிடும்.

மழைக்காலம் முடிந்து டெங்கு கூடும் நாட்களில் உதவியாளரின் முழு மதிப்பும் ஒரு தாளில்தான் இருக்கிறது, அதுதான் குடித்ததும் போனதும் எழுதுகிற சார்ட். "நல்லா குடிச்சார்" என்று எழுதுவது பதிவல்ல. அந்த வாட்டின் கிளாஸ் எத்தனை மில்லிலீற்றர் என்று முதலில் அளந்து வையுங்கள். சிறுநீரை மட்டக்குறியிட்ட பாத்திரத்தில் எடுத்து, கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறைந்தால், அதாவது 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லிலீற்றருக்குக் கீழே போனால், அடுத்த ரவுண்ட் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். சிவப்பு, மண்ணிறப் பானம் எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் அது நெக்டோவா இரத்தமா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊசி விஷயம். ஏற்றிய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள், பலருக்குக் குத்துப்படுவது அப்போதுதான். ஊசிப்பெட்டி முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள். குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி உடனே பொறுப்பானவரிடம் சொல்லிப் பதிய வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்தினால் அவ்வளவு நல்லது. ஹெப்பரைரிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை, 0, 1, 6 மாதக் கணக்கில் போடுவது. ஆகவே படிப்பு தொடங்கும் மாதமே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாளத்தில் ஊசி போடுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது, மூக்குக் குழாய் இறக்குவது உதவியாளரின் வேலை இல்லை. வீட்டு வேலைக்குப் போனால் "நீங்க நேர்ஸ்தானே, ஒரு சலைன் ஏத்துங்கோ" என்று கேட்பார்கள். மறுப்பதால் வேலை போனாலும் பரவாயில்லை, ஏற்றி ஏதாவது நடந்தால் பொலிசுக்குப் போகப்போவது நீங்கள்தான்.

பாஷையும் வேலை தேடித் தரும். கல்முனை, அக்கரைப்பற்று வரை தமிழ் போதும். அம்பாறை நகரத்துக்கோ கொழும்புக்கோ போனால் "கொஹெத ரிதென்னே" என்று கேட்டு எங்கே நோகிறது என்பதை விளங்கிக்கொள்ளும் அளவுக்காவது சிங்களம் வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் படிக்க வேண்டியது கதை பேச அல்ல, பெட் ஹெட் டிக்கட்டை, அதாவது நோயாளியின் வாட் குறிப்பை வாசிக்க. பி.டி. என்றால் நாளைக்கு இரண்டு தடவை, டி.டி.எஸ். மூன்று தடவை, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால், என்.பி.எம். வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது. ஒப்பரேசனுக்கு எழுதியிருப்பவருக்கு விடியப்புறம் ரீ கொடுத்துவிட்டு ஒப்பரேசன் தள்ளிப்போவது இந்த மூன்றெழுத்தை வாசிக்காததால்தான்.

சம்பளம் பேசும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். "பயிற்சிக் காலம், அதனால் ஈ.பி.எஃப். இல்லை" என்பது சட்டத்தில் நிற்காத கதை. கொழும்பில் வீட்டில் தங்கிப் பார்க்கிற வேலையை முகவர் மூலம் எடுத்தால், சம்பளம் தருவது வீட்டுக்காரரா முகவரா, முகவர் எவ்வளவு கழிக்கிறார், இரவில் தொடர்ச்சியாக எத்தனை மணித்தியாலம் தூங்கலாம், மாதத்துக்கு எத்தனை நாள் லீவு என்ற நான்கையும் பஸ் ஏற முன்னர் எழுதி வாங்குங்கள். தூக்கத்தைக் கேட்க வெட்கப்பட்டவர்கள் மூன்றாம் வாரமே திரும்பி வருகிறார்கள்.

வெளிநாடு என்றால் ஜப்பானைத்தான் இப்போது பலரும் கேட்கிறார்கள். 2019 ஏப்ரலில் தொடங்கிய "குறிப்பிட்ட திறன்" (எஸ்.எஸ்.டபிள்யூ.) என்ற விசாவில் கேர்கிவராகப் போக மூன்று பரீட்சை: ஜப்பான் மொழி என்4 மட்டம் அல்லது அதற்குச் சமமான அடிப்படைப் பரீட்சை, பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான ஜப்பான் மொழிப் பரீட்சை. மூன்றையும் தங்கச்சிதான் எழுத வேண்டும். பரீட்சை இல்லாமல் இந்த விசா எடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் பேச்சை அதோடு விடுங்கள். முகவரின் அனுமதிப்பத்திரம் உயிரோடு இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

எந்த வழியால் போனாலும் பெயரை முதலில் சரிபாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் போடுவதால் அடையாள அட்டையில் ஒரு விதம், ஓ.எல். சேர்டிபிகேட்டில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம் என்று ஆங்கில எழுத்து மாறிப்போயிருக்கும். என்.வி.கியூ மதிப்பீட்டு விண்ணப்பத்தில் எழுதும் எழுத்துத்தான் சேர்டிபிகேட்டில் அச்சாகும். அதை நிரப்பும் நாளில் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.